நிப்பிசிங் ஏரிக்கான எங்கள் ஆண்டு மீன்பிடிப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்டுதோறும் ஜூன் மாதக் கடைசியில் ரொறன்ரோவிலிருந்தும் சுற்றியுள்ள நகரங்களிலிருந்தும் பதினாறு பேர் ஒன்றுசேர்ந்து, ஒன்ராறியோவின் வடக்கே நிப்பிசிங் ஏரியின் மேற்குக் கை எனப்படும் பகுதியிலுள்ள ஒரு லொட்ஜுக்குச் சென்று, வியாழன் மாலை முதல் ஞாயிறு மதியம் வரை தங்கி மீன் பிடித்துத் திரும்புகிறோம். பயணத்தை ஒழுங்கு செய்பவன் என்ற முறையில் மாசி, பங்குனி மாதங்கள் முழுவதும் ஒரே கேள்விகளுக்குத் தொலைபேசியில் விடை சொல்லி வந்தேன். புதிதாக வருபவர்களும் பல ஆண்டுகள் வந்தவர்களும் ஒரே விதமாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். மீனின் அளவு பற்றியதும் உயிர்காப்பு அங்கி பற்றியதுமான விடைகளை எவரும் தாண்டிச் செல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பக்கத்தில் சிம்கோ ஏரி இருக்க, இவ்வளவு தூரம் போவது ஏன்?

சிம்கோ நல்ல ஏரிதான். அதிகாலையில் புறப்பட்டால் பொழுதுபடுவதற்குள் வீடு வந்துவிடலாம். ஆனால் வீடு வந்துவிடலாம் என்பதாலேயே அங்கே போகிறவர்கள் எவரும் ஒன்றாக இருப்பதில்லை. மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மூன்று மணிக்கு ஒருவர் மகளை வகுப்பிலிருந்து ஏற்ற வேண்டும், இன்னொருவருக்கு இரவு வேலை இருக்கும். நான்கு மணி நேரம் கார் ஓடிப் போன பின்னர்தான் எங்களில் பலர் கையிலிருக்கும் தொலைபேசியைக் கீழே வைக்கிறோம்.

நிப்பிசிங் ஏரி ரொறன்ரோவிலிருந்து ஏறத்தாழ 350 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. கிழக்கு மேற்காக 65 கிலோமீற்றர் அளவு நீண்டு கிடக்கும் அதன் பரப்பு 873 சதுர கிலோமீற்றர். யாழ்ப்பாண மாவட்டம் முழுவதுமே ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றர்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் அதன் அகலம் விளங்கும். அத்தனை பெரிய நீரை அங்கே தொன்றுதொட்டு வாழும் அனிசினாபே மக்கள் தங்கள் மொழியில் ‘சிறு நீர்’ என்ற பொருளில் அழைத்தார்கள். பக்கத்தில் ஹூரோன் போன்ற பேரேரிகளைக் கண்டவர்களுக்கு இது சிறியதாகத்தான் இருந்திருக்கும். ஏரியின் நீர் பிரெஞ்சு ஆற்றின் வழியாக ஜோர்ஜியன் விரிகுடாவில் போய்ச் சேர்கிறது. 1615இல் பிரெஞ்சு நாடுகாண் பயணி சாம்ப்ளேன் இந்த வழியாகத்தான் மேற்கே சென்றார். 1986இல் கனடாவின் முதலாவது மரபுரிமை ஆறாக அறிவிக்கப்பட்டதும் இதே பிரெஞ்சு ஆறுதான். மேற்குக் கையில் தீவுகளும் ஒடுங்கிய குடாக்களும் மிகுதி. காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் ஒதுங்கி நின்று மீன் பிடிக்க ஓரிடம் கிடைக்கும் என்பதே இந்த லொட்ஜை நாங்கள் தெரிவு செய்ததற்கு முதற் காரணம்.

எந்த வழியாக வர வேண்டும்?

400ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே வந்து, பாரி சவுண்டைக் கடந்து 69இல் தொடர்ந்து, பிரெஞ்சு ஆற்றுப் பாலத்தைத் தாண்டியபின் 64ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கே திரும்ப வேண்டும். நோயல்வில், மொனெற்வில் ஆகிய சிற்றூர்கள் அந்தச் சாலையில் வரும். அங்கே பிரெஞ்சு பேசுபவர்களே மிகுதி. கடைக்குள் நுழையும்போது ஒரு ‘பொன்ஜூர்’ சொன்னால் முகம் மலர்வார்கள். இருட்டில் அந்தச் சாலையில் மூஸ் எனப்படும் பெருமான்கள் குறுக்கே வருவதுண்டு. ஆகவே வியாழனன்று மதியத்துக்கு முன்னரே புறப்பட்டு, வெளிச்சத்தில் வந்து சேருங்கள்.

ஜூன் கடைசியைத் தெரிவு செய்தது ஏன்?

பிக்கரல் (walleye) மீனைப் பிடிக்க அனுமதிக்கப்படும் காலம் மே மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை திறக்கிறது. திறந்த வாரத்திலேயே போனால் மீன் கரையோரத்தில் நிற்கும், பிடிப்பது எளிது என்பது உண்மை. ஆனால் அப்போது நீர் கடுங்குளிராக இருக்கும். கருப்பு ஈக்கள் முகத்தை மொய்க்கும். முட்டையிட்டுக் களைத்த மீனைத் துன்புறுத்துகிறோமே என்ற எண்ணமும் எனக்கு உண்டு. ஜூன் கடைசியில் கருப்பு ஈ பெரும்பாலும் ஓய்ந்துவிடும், பாஸ் மீனுக்கான காலமும் திறந்திருக்கும், இரவு ஒன்பதேகால் வரை சூரியன் மறையாது. பள்ளிக்கூட விடுமுறை தொடங்கும் நேரமும் அதுவாகையால் பிள்ளைகளை அழைத்து வருபவர்களுக்கும் வசதி.

எனக்கு மீன்பிடி அனுமதிப்பத்திரம் தேவையா?

கனடாவில் வசிப்பவர்களுள் 18 வயதுக்கும் 64 வயதுக்கும் இடைப்பட்ட அனைவருக்கும் தேவை. அவர்கள் ‘அவுட்டோர்ஸ் கார்ட்’ எனப்படும் அட்டையையும் அதனுடன் சேர்ந்த அனுமதிப்பத்திரத்தையும் பெற்றிருக்க வேண்டும். 65 வயதை அடைந்தவர்கள் பிறந்த திகதி தெரியும் அடையாள அட்டையை வைத்திருந்தால் போதும். லண்டனிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து உங்கள் வீட்டில் தங்கியிருக்கும் உறவினர்களை அழைத்து வருவதாயின், அவர்கள் எத்தனை வயதுப் பெரியவர்களாக இருந்தாலும் வெளிநாட்டவர்களுக்கான பத்திரத்தை எடுக்க வேண்டும். ‘அப்பாவுக்கு எழுபது வயது, அவருக்கு வேண்டியதில்லை’ என்று நினைத்து ஒருவர் அழைத்து வந்ததால் அந்த ஐயா மூன்று நாளும் வள்ளத்தில் சும்மா இருந்து பார்த்துக்கொண்டு வர நேர்ந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

பத்திரத்தில் இரண்டு வகை உண்டு: ஸ்போட் என்பது முழு அளவு மீன் வைத்துக்கொள்ள அனுமதிப்பது, கொன்சர்வேஷன் என்பது விலை குறைந்தது, வைத்துக்கொள்ளக்கூடிய மீனின் எண்ணிக்கையும் குறைந்தது. எங்கள் குழுவில் பெரும்பாலோர் இரண்டாவதையே எடுக்கிறார்கள். நானும் அதையே எடுக்கச் சொல்வேன். அதற்கான காரணம் அடுத்த விடையில் உள்ளது.

எத்தனை மீன் வீட்டுக்குக் கொண்டுவரலாம்?

மற்றெல்லாக் கேள்விகளையும் விட அதிகமாகக் கேட்கப்படுவது இதுதான். குளிர்பெட்டி நிறைய மீனோடு திரும்புவதுதான் பயணத்தின் நோக்கம் என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பயணம் பொருந்தாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நிப்பிசிங் ஏரியில் பிக்கரலின் தொகை பல ஆண்டுகளாகக் குறைந்துகொண்டு வந்ததால் 2014இல் மாகாண அரசு விதிகளை இறுக்கியது. அதன்படி 46 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட பிக்கரலை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். ஸ்போட் பத்திரம் உள்ளவர் இரண்டும், கொன்சர்வேஷன் பத்திரம் உள்ளவர் ஒன்றும் வைத்திருக்கலாம். விதிகள் மாறக்கூடியவையாதலால், ஆண்டுதோறும் மாகாண அரசு வெளியிடும் மீன்பிடி விதிச்சுருக்கத்தில் நிப்பிசிங் ஏரி அடங்கும் 11ஆம் மீன்பிடி வலயத்துக்கான பக்கத்தைப் புறப்படுவதற்கு முதல் வாரம் நீங்களே படித்துப் பார்க்க வேண்டும். பெண் மீன் ஒரு முறையாவது முட்டையிட்டு முடிக்கும் வரை அதை விட்டுவைப்பதே குறைந்தபட்ச அளவு விதியின் நோக்கம். கையிலிருக்கும் மீன் 45 சென்ரிமீற்றராக இருந்தால் அது ‘கிட்டத்தட்ட சரியான’ மீன் அன்று. நீருக்குத் திரும்ப வேண்டிய மீன். வள்ளம் ஒவ்வொன்றிலும் அளவுகோல் ஒட்டப்பட்டிருக்கிறது.

இதில் இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை என்பது உங்கள் வசம் உள்ள மீன்களின் எண்ணிக்கை. வெள்ளிக்கிழமை பிடித்து லொட்ஜின் உறைபெட்டியில் வைத்த மீனும் அதில் அடங்கும். அன்றைக்கே பிடித்து மதியம் சமைத்துச் சாப்பிட்ட மீனும் அந்த நாளின் கணக்கில் சேரும். நாளுக்கு இரண்டாக மூன்று நாளில் ஆறு மீன் கொண்டுவரலாம் என்ற கணக்குப் பிழையானது. வெட்டிப் பொதி செய்யும்போது மீனின் இனமும் எண்ணிக்கையும் பார்த்தவுடன் தெரிய வேண்டும். ஆகவே ஒவ்வொரு துண்டிலும் சிறிதளவு தோலை விட்டு, தனித்தனியாகப் பொதி செய்யுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் குழுவைச் சேர்ந்த இருவர் அளவு குறைந்த மூன்று மீன்களை மற்றவர்களுக்குத் தெரியாமல் வைத்திருந்து, துறைமேடையில் மீன்வளப் பாதுகாப்பு அதிகாரி சோதித்தபோது பிடிபட்டார்கள். தண்டப்பணத்தை அவர்கள் கட்டினார்கள். வெட்கம் எங்கள் எல்லாருக்கும் வந்தது. அவர்கள் பின்னர் மனம் வருந்தி மன்னிப்புக் கேட்டார்கள், இப்போதும் எங்களோடு வருகிறார்கள். ஆனால் அதற்குப் பின், அளவு குறைந்த மீனை வேண்டுமென்றே வைத்திருப்பவர் அடுத்த ஆண்டு வர முடியாது என்று முடிவு செய்திருக்கிறோம்.

மீன் குறைந்ததற்குப் பூர்வகுடி மக்கள் வலை வீசுவதுதான் காரணம் என்கிறார்களே?

இந்தப் பேச்சை வள்ளத்திலும் சாப்பாட்டு மேசையிலும் நானும் கேட்டிருக்கிறேன். நிப்பிசிங் பூர்வகுடியினரின் மீன்பிடி உரிமை 1850ஆம் ஆண்டின் ரொபின்சன்–ஹூரோன் உடன்படிக்கையோடு தொடர்புடையது. உடன்படிக்கை உரிமைகளைக் கனடிய அரசியலமைப்பும் 1982 முதல் உறுதி செய்கிறது. அவர்கள் தங்கள் மீன்பிடிக்கெனச் சொந்தச் சட்டம் வகுத்திருக்கிறார்கள். ஏரியின் மீன்வளத்தைக் கணிப்பதில் மாகாண அரசோடு சேர்ந்தும் பணியாற்றியிருக்கிறார்கள். நம்மைப் போலப் பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போட வருபவர்கள் கோடையிலும் குளிர்காலத்திலும் அந்த ஏரியிலிருந்து எடுக்கும் மீனும் சிறு தொகையன்று. நிலத்தையும் கடலையும் இழந்து வந்த மக்கள் நாம். பிறருடைய நீரில் விருந்தினராக நிற்கும்போது அந்த மக்களைக் குறை சொல்லிப் பேசுவது நமக்குத் தகாது என்பது என் உறுதியான கருத்து.

உயிர்காப்பு அங்கியை எப்போதும் அணிந்திருக்க வேண்டுமா? அது சட்டமா?

வள்ளத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் உடலுக்குப் பொருந்தும் அங்கி ஒன்று வள்ளத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். துறைமேடையில் கால் எடுத்து வள்ளத்தில் வைப்பதிலிருந்து மீண்டும் மேடையில் ஏறும் வரை அதை அணிந்து பூட்டியிருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. வெயில், வியர்வை, படம் எடுத்தல் என்ற எந்தக் காரணத்துக்காகவும் இதில் விலக்கு இல்லை. ‘நான் மயிலிட்டிக் கடலில் வளர்ந்தவன்’ என்று சொல்லும் அண்ணன்மாருக்கும் இதே விதிதான். கடலில் வளர்ந்தவர்கள் வெந்நீரில் வளர்ந்தவர்கள் என்பதை அவர்களிடம் பணிவாகச் சொல்லிக்கொள்கிறேன்.

குளிர்ந்த நீரில் விழுந்தவருக்கு என்ன நேரும் என்பதை மனிற்றோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ற் பல ஆண்டுகள் ஆராய்ந்து, எளிதில் நினைவில் நிற்கும்படி ஒன்று, பத்து, ஒன்று என்று சொன்னார். முதல் ஒரு நிமிடம் மூச்சு அடங்காமல் திணறும். அதை அடக்கப் பாடுபட வேண்டும். அடுத்த பத்து நிமிடங்கள் வரைதான் கைகால்கள் சொன்னபடி கேட்கும்; அதற்குப் பிறகு நீச்சல் வல்லவருக்கும் விரல் மடங்காது. உடல் வெப்பம் இறங்கி நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம் உயிரோடு மிதந்துகொண்டிருப்பதற்கு அங்கி வேண்டும். விழுந்த பிறகு எடுத்து அணியலாம் என்று நினைப்பவருக்கு அந்த முதல் நிமிடம் என்னவென்று தெரியாது.

நிப்பிசிங் ஏரிக்கென்று இன்னோர் ஆபத்தும் உண்டு. அதன் சராசரி ஆழம் 4.5 மீற்றர் மட்டுமே. ஆழம் குறைந்த, அகன்ற நீரில் காற்று எழுந்தால் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும், ஒன்றை ஒன்று நெருக்கியும் வரும். மேற்கிலிருந்து வரும் காற்றுக்கு, ஊரில் கச்சான் என்று சொல்வோமே அதற்கு, அங்கே நீண்ட வெளி கிடைக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை பகல் இரண்டு வள்ளங்களில் ஆறு பேர் தீவுகளைத் தாண்டிப் பெரு வெளிக்குப் போயிருந்தோம். வானம் நீலமாகத்தான் இருந்தது. அரை மணி நேரத்துக்குள் அலை அணியத்தை, அதாவது வள்ளத்தின் முன்முனையை, தாண்டி உள்ளே விழத் தொடங்கியது. ஒரு சிறு தீவின் மறைவில் ஒதுங்கி, மூன்று மணி நேரம் நனைந்த உடுப்போடு காத்திருந்தோம். லொட்ஜில் இருந்தவர்கள் எங்களைத் தொடர்புகொள்ள வழியின்றித் துறைமேடையில் நின்றார்கள். அதன் பிறகு பெரு வெளிக்குக் காலையில் மட்டுமே போவது, பதினொரு மணிக்குள் தீவுகளுக்குள் திரும்பிவிடுவது, எந்த வள்ளம் எந்தப் பக்கம் போகிறது என்பதைச் சமையலறைப் பலகையில் எழுதிவிட்டுப் புறப்படுவது என்ற மூன்றையும் வழக்கமாக்கினோம். அலை எழுந்துவிட்டால் வேகத்தைக் குறைத்து, அணியத்தை அலைக்குச் சற்றே சாய்வாகப் பிடித்து, எல்லாரும் தாழ இருந்தபடி அருகிலுள்ள கரைக்கு வாருங்கள். லொட்ஜுக்குத்தான் வர வேண்டும் என்பதில்லை.

நீந்தத் தெரியாதவர் வரலாமா?

வரலாம். எங்களில் ஐவருக்கு நீந்தத் தெரியாது. அவர்கள் எஞ்சின் பிடிக்கத் தெரிந்த, அனுபவமுள்ள ஒருவரோடுதான் வள்ளத்தில் ஏறுவார்கள்.

வள்ளத்தை யார் ஓட்டலாம்?

எஞ்சின் பூட்டிய வள்ளத்தை ஓட்டுபவர் படகோட்டும் தகுதி அட்டையை வைத்திருக்க வேண்டும். இணையத்தில் படித்துத் தேர்வு எழுதி அதைப் பெறலாம். ஒரு முறை பெற்றால் வாழ்நாள் முழுவதும் செல்லும். லொட்ஜ் தருவது 16 அடி அலுமினிய வள்ளம். நால்வர் ஏறலாம் என்றாலும் நாங்கள் மூவருக்கு மேல் ஏறுவதில்லை. நான்கு தூண்டில்கள் ஒரே வள்ளத்தில் வீசப்படும்போது யாருடைய காதிலாவது கொக்கி ஏறும் என்பதைப் பட்டே அறிந்தோம்.

என்ன தூண்டில் கொண்டுவர வேண்டும்?

புதிதாக வருபவர்கள் கடைக்குப் போய்ப் பெரும் பணம் செலவழிக்க வேண்டாம். ஆறரை அடி நீளமுள்ள நடுத்தர ஸ்பின்னிங் கோல் ஒன்றும், எட்டு இறாத்தல் தாங்கும் தங்கூசி சுற்றிய ரீல் ஒன்றும் போதும். கால் அவுன்ஸ் எடையுள்ள ஜிக் கொக்கிகள் பத்து வாங்குங்கள். பைக் மீன் பல்லால் தங்கூசியை அறுத்துவிடுமாகையால் கம்பி முன்னிழை இரண்டும், கொக்கியைக் கழற்ற நீள்மூக்குக் குறடு ஒன்றும் கட்டாயம் வேண்டும். ஈயக்குண்டுக்குப் பதிலாகத் தகரம் அல்லது டங்ஸ்டன் குண்டு வாங்கும்படி வேண்டிக்கொள்கிறேன். அறுந்து விழும் ஈயத்தைச் சிறு கல்லென்று விழுங்கி லூன் பறவைகள் நஞ்சேறிச் சாகின்றன. ஒரு டொலர் நாணயத்தில் நாம் நாள்தோறும் பார்க்கும் பறவை அதுதான். இரவில் ஏரியின் நடுவிலிருந்து அது எழுப்பும் குரலைக் கேட்டவர் எவரும் அதற்குத் தீங்கு செய்யத் துணியமாட்டார்.

பிக்கரல் வெளிச்சத்தை விரும்பாத மீன். அதன் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதால் மங்கலிலும் கலங்கல் நீரிலும் இரையைக் காணும். ஆகவே விடியற்காலையும் அந்திப்பொழுதும் பிக்கரலுக்கு. நண்பகல் பாஸுக்கும் பேர்ச்சுக்கும், தூங்க விரும்புகிறவர்களுக்கும். ஜிக் அடியைத் தொட்டதும் ஒரு சாண் தூக்கி, மெல்ல விடுங்கள். பிக்கரல் அடித்து இழுக்காது. ஈரத்துணி மாட்டிக்கொண்டது போல ஒரு கனம் தெரியும், அவ்வளவுதான். அந்தக் கனத்தை விரலால் அறிந்துகொள்ள ஒரு நாள் எடுக்கும்.

திருப்பி விடும் மீன் பிழைக்குமா?

நாம் நடந்துகொள்வதைப் பொறுத்தது. கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள். உலர்ந்த கை மீனின் வழுவழுப்பான பூச்சை உரித்துவிடும். மீனின் பூவுக்குள் (செவுளுக்குள்) விரல் விட்டுத் தூக்க வேண்டாம். படம் எடுப்பவர் தயாரான பின்னரே மீனை நீரிலிருந்து எடுங்கள். பத்து மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்திலிருந்து இழுத்து வரும் பிக்கரலின் காற்றுப்பை விரிந்து, அது மீண்டும் ஆழத்துக்குப் போக முடியாமல் மேலே மிதந்து சாகும். ஆகவே வைத்துக்கொள்ள எண்ணாத மீனை ஆழத்தில் தேட வேண்டாம். மஸ்கி எனப்படும் பெருமீன் எவருக்கேனும் அகப்பட்டால் அளந்து, படம் எடுத்து விட்டுவிடுவது எங்கள் வழக்கம். ஸ்ரேர்ஜன் மீனை வைத்திருப்பது சட்டப்படி குற்றம்.

இரையை ரொறன்ரோவில் வாங்கிக்கொண்டு வரலாமா?

கூடாது. 2022 முதல் ஒன்ராறியோ நான்கு இரை வலயங்களாகப் பிரிக்கப்பட்டு, உயிருள்ளதோ இறந்ததோ, இரைமீனையும் இரைக்கான அட்டைப்பூச்சியையும் ஒரு வலயத்திலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்வது தடை செய்யப்பட்டிருக்கிறது. நோயும் அயல் உயிரினங்களும் பரவாமல் தடுப்பதற்கான விதி இது. ஏரிக்கருகிலுள்ள கடையில் வாங்கிப் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். மிஞ்சிய இரையையும் அதன் நீரையும் ஏரியில் கொட்டாமல், கரையிலிருந்து 30 மீற்றருக்கு அப்பால் தரையில் கொட்ட வேண்டும்.

பூச்சிகளும் கரடிகளும் உண்டா?

நுளம்பு மிகுதியாக உண்டு. முழுக்கை உடுப்பும் தலைக்கு வலையும் கொண்டுவாருங்கள். புல்லில் நடந்தால் இரவில் கால்களில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். கருங்கரடி அங்கே வாழும் விலங்கு. மீன் கழிவையும் சாப்பாட்டு மிச்சத்தையும் வெளியில் வைக்காவிட்டால் அது நம்மிடம் வராது.

சாப்பாடு எப்படி?

லொட்ஜ்களில் மூன்று வேளையும் அவர்களே சமைத்துத் தரும் முறையும், நாமே சமைத்துக்கொள்ளும் குடில் முறையும் உண்டு. நாங்கள் இரண்டாவதையே எடுக்கிறோம். விறைப்பான அரிசிச் சோறு, பருப்பு, இறைச்சிக்கறி ஆகியவற்றை வியாழன் இரவுக்கும் சனி மதியத்துக்கும் வீடுகளில் சமைத்து உறையவைத்துக் கொண்டுவருவோம். வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவர்கள் எங்களில் பலராதலால் அன்று முழுவதும் சமையலறை சைவம்தான். மீன்பிடிக்கப் போன இடத்தில் முதல் முழு நாளும் மரக்கறியா என்று புதியவர்கள் கேட்பதுண்டு. ஆனால் அந்த வழக்கத்தை மாற்ற எவரும் இதுவரை கேட்கவில்லை.

சனிக்கிழமை இரவு ஒடியற்கூழ். ஊரில் குளத்து மீனைச் சேற்று வாசம் என்று ஒதுக்கிப் பழகிய நாங்கள், பிக்கரலை முதன்முதலில் நம்பாமல்தான் சட்டியில் போட்டோம். அதன் சதை வெள்ளையாக, இறுக்கமாக, எந்த வாசமும் இல்லாமல் இருக்கிறது. சொன்னால் ஒழியக் கடல்மீன் இல்லை என்று தெரியாது. தலைகளையும் நடுமுள்ளையும் முதலில் அவித்துச் சாறு எடுப்போம். பயத்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, ஒரு பிடி அரிசி, ரொறன்ரோவிலிருந்து கொண்டுவந்த நண்டும் இறாலும் அதில் வேகும். செத்தல் மிளகாயை அரைத்துக் கரைத்து, பழப்புளி விட்டு, ஊறவைத்துப் பிழிந்த ஒடியல் மாவை இறுதியில் சேர்த்துத் தடிக்க விடுவோம். கறியில் போட்டால் பிக்கரல் உடைந்துவிடுகிறது என்பதால் சதைத் துண்டுகளைக் கூழில் போடாமல் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டிப் பொரிக்கிறோம். பதினாறு பேருக்குக் கூழ் வைக்க நான்கு அல்லது ஐந்து மீன் போதும். மீன் கிடைக்காத ஆண்டும் ஒன்று இருந்தது. அந்த ஆண்டு நண்டோடு மட்டும் கூழ் வைத்தோம், அப்போதும் சட்டி மிச்சமின்றிக் காலியானது.

ஏரிக்கரையில் நெருப்பு மூட்டிச் சமைக்க விரும்புகிறவர்கள், அப்பகுதியில் நெருப்புத் தடை அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று லொட்ஜில் கேட்டபின்னரே மூட்ட வேண்டும். காய்ந்த கோடையில் ஒரு பொறி போதும்.

ஏரி மீனைச் சாப்பிடுவதால் உடலுக்குக் கேடு உண்டா?

வடக்கு ஏரிகளின் மீனில் பாதரசம் சேர்கிறது; பெரிய, வயது முதிர்ந்த மீனில் அது கூடுதலாக இருக்கும். எந்த ஏரியில் எந்த மீனை, எந்த நீளத்தில், மாதத்துக்கு எத்தனை முறை சாப்பிடலாம் என்று மாகாண அரசு வழிகாட்டி ஒன்றை வெளியிடுகிறது. கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அளவு குறைவு. வீட்டுக்குக் கொண்டுபோகும் மீனை அவர்களுக்குக் கொடுப்பதற்கு முன் அந்த அட்டவணையைப் பாருங்கள்.

மதுபானம் கொண்டுவரலாமா?

குடிலுக்குள் அளவோடு அருந்துவதை எவரும் தடுக்கவில்லை. வள்ளத்துக்குள் ஒரு போத்தலும் ஏறக்கூடாது. நாங்கள் பயன்படுத்தும் திறந்த வள்ளங்களில் அருந்துவதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. குடித்துவிட்டு வள்ளம் ஓட்டுவது குடித்துவிட்டுக் கார் ஓட்டுவதற்கு ஒப்பான குற்றம். முதல் நாள் இரவு மிகையாக அருந்தியவர் மறுநாள் காலை எஞ்சினில் கை வைக்கக்கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்கிறோம். இதன் காரணமாக ஒருவர் எங்களோடு வருவதை நிறுத்திக்கொண்டார். நல்ல மனிதர். ஆயினும் விதியை நாங்கள் தளர்த்தவில்லை.

பெண்களும் பிள்ளைகளும் வரலாமா?

தொடக்கத்தில் ஆண்கள் மட்டுமே வந்தோம். அதற்கு ஒரு காரணமும் இருக்கவில்லை, எவரும் கேட்கவில்லை என்பதைத் தவிர. இப்போது தந்தையரோடு மகள்மாரும், இரண்டு தம்பதியரும் வருகிறார்கள். எங்கள் குழுவில் மிகப் பெரிய பிக்கரலைப் பிடித்தவர் பதினான்கு வயதுப் பிள்ளை. 68 சென்ரிமீற்றர் இருந்த அந்த மீனை அவளே தன் கையால் திருப்பி விட்டாள். எட்டு வயதுக்குக் குறைந்தவர்களை மூன்று நாளுக்கு அழைத்துவர வேண்டாம் என்பது என் ஆலோசனை. அவர்களோடு முதலில் ஒரு பகல் மட்டும் எங்காவது போய்ப் பாருங்கள். ஜூனில் தந்தையர் தின வார இறுதியில் கனடாவில் வசிப்பவர்கள் பத்திரம் இல்லாமலே ஒன்ராறியோவில் மீன் பிடிக்கலாம்.

செலவு எவ்வாறு பகிரப்படுகிறது?

குடில், வள்ளம், எரிபொருள், பொதுச் சமையல் ஆகிய நான்கையும் கூட்டித் தலைக்குச் சமமாகப் பிரிக்கிறோம். பத்திரம், தூண்டில், இரை ஆகியவை அவரவர் செலவு. வேலை இழந்திருப்பவர், ஓய்வு பெற்றவர், மாணவர் என்று எவருக்கேனும் அந்த ஆண்டு முடியாமல் இருந்தால் என்னிடம் மட்டும் சொன்னால் போதும். வழி செய்யப்படும், வேறு எவருக்கும் தெரியவராது. முற்பணத்தை லொட்ஜ் திருப்பித் தருவதில்லை. வர முடியாமல் போனவர் தமக்குப் பதிலாக ஒருவரைத் தந்தால் பணம் அவரிடமிருந்து கிடைக்கும்.

அங்கே தொலைபேசி வேலை செய்யுமா?

துறைமேடையில் சில வேளை வேலை செய்யும்; தீவுகளுக்கு அப்பால் நம்ப முடியாது. அவசரத்துக்கு லொட்ஜின் தொலைபேசி எண்ணை வீட்டாரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். மருந்து உட்கொள்பவர்கள் ஐந்து நாளைக்குப் போதுமானதைக் கொண்டுவர வேண்டும். இதய நோயோ நீரிழிவோ இருப்பவர்கள் அதைத் தம் வள்ளத்தில் வருபவர்களுக்கு முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும்.

சொந்த வள்ளத்தை இழுத்து வரலாமா?

வரலாம். ஆனால் ஏரியில் இறக்குவதற்கு முன்னரும், ஏற்றிய பின்னரும் அடியில் ஒட்டியிருக்கும் பாசியையும் களையையும் அகற்றி, நீர் வடியும் அடைப்பைத் திறந்து வைத்துத்தான் சாலையில் ஓட்ட வேண்டும். இதுவும் 2022 முதல் சட்டம்.

பெயரை எப்போது பதிவு செய்ய வேண்டும்?

முந்திய ஆண்டு வந்தவர்களுக்குத் தைப்பொங்கல் வரை இடம் ஒதுக்கி வைக்கப்படும். அதற்குள் விடை தராதவர்களின் இடம் காத்திருப்போர் பட்டியலில் உள்ளவர்களுக்கு வரிசைப்படி போகும். பதினாறு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை; ஆறு வள்ளங்களே இருக்கின்றன, ஒவ்வொரு வள்ளத்திலும் அனுபவமுள்ள ஒருவர் இருக்க வேண்டும். காத்திருப்பவர்களில் எஞ்சின் பிடிக்கப் பழக விரும்புகிறவர்கள் முன்னதாகச் சொன்னால், மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை சிம்கோ ஏரியில் வைத்துக் கற்றுக்கொடுக்கிறோம்.